உள்ளே வராத விருந்தாளிகள்

மெர்னாவுக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வாலரூ என்ற கடலோர ஊரின் பழைய கார் சங்க மாதக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், அவளுடைய சொந்தப் புருஷன் கிளெம் எழுந்து நின்று, "விருந்துக்கு இடம் பாக்குற பொறுப்ப மெர்னாகிட்டேருந்து வாங்கி வேற யாருக்காவது குடுத்துடலாம்னு நெனைக்கிறேன்" என்றார். சங்கத் தலைவராம். காலையில் எதிரே உட்கார்ந்து காபி குடித்தபோது வாயே திறக்காத மனுஷன்.

அவர் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம் மட்டும் மூன்று உணவகங்கள், "தயவு செஞ்சு இனிமே வராதீங்க" என்று சொல்லிவிட்டன. கடைசியாகப் போன இடத்தில் சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியே போய்விட்டார்.

"நான் பாக்குறேன்" என்று எழுந்தார் ஆல்வின். பச்சை மோரிஸ் கார் வைத்திருப்பவர், எதிலும் முந்திக்கொள்பவர். "வெள்ளைத் துணி விரிச்ச மேஜை, நல்ல ஒயின், பேர் போன சமையல். மெர்னா கூட்டிட்டுப் போற மாதிரி இருக்காது."

"வருஷக் கடைசி விருந்துக்கு நான்தான் இடம் பாப்பேன்" என்றாள் மெர்னா. அவள் விடுவதாக இல்லை. "அதுவும் சொதப்புனா, ஆல்வினே எடுத்துக்கட்டும். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

கூட்டம் ஒத்துக்கொண்டது. இத்தனை வருஷமாக அவள் பேரில் இருந்த ஒரே வேலை அது. சங்கத்தில் எல்லாருக்கும் கார் இருந்தது. அவளுக்கு இந்த வேலைதான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது கிளெமின் ஹோல்டன் காரில் அவள் சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளை உடம்பு, சிவப்பு இருக்கை, கண்ணாடி மாதிரி துடைத்து வைத்த வண்டி. வாயில் ஒரு மிட்டாய் போட்டதற்காக ஒரு முறை வண்டியை ஓரம் கட்டி, அவள் தின்று முடிக்கும்வரை வெளியே நிற்க வைத்தவர் கிளெம். அந்த வண்டிக்குள் சாப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

"கோவமா?" என்றார்.

"இல்ல. ஆனந்தக் கண்ணீர்."

மறுநாளே மெர்னா இடம் தேடக் கிளம்பினாள். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் நாற்காலி, சன்னல், கழிவறை, சாப்பாட்டு விலை. எங்கே பிசகியது என்று வழியெல்லாம் யோசித்தாள். சாப்பாட்டில் ஒருநாளும் குறை இருந்ததில்லை. இந்த ஜனம் உள்ளே வந்தால்தானே! வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். எஞ்சினைக் காட்ட ஒருவர் பானெட்டைத் திறப்பார். ஒரு தலை உள்ளே போனால் எட்டுத் தலை பின்னாலேயே போகும். பரிமாறும் பெண் வாசலுக்கு வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை காய்ந்து போவாள். "இதோ வந்துட்டோம்மா" என்பார்கள். சூப் ஆறி, கறி விறைத்து, உணவகக்காரர் முகம் சுண்டிப் போகும்.

அதனால் இந்த முறை அவள் ஒவ்வோர் உணவகத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வண்டி நிறுத்துமிடத்தை மட்டும் பார்த்தாள். ஒன்றில் யூகலிப்டஸ் மரமும் அது நிறையப் பறவைகளும், எச்சம் விழுந்தால் பெயிண்டுக்கு ஆகாது. இன்னொன்றில் சரிவு. கடைசியில் தானியக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் வூலா என்ற கிரேக்கப் பெண்மணி நடத்தும் சின்னக் கடைக்கு வந்தாள். பின்னால் லாரிகள் நிறுத்தும் பெரிய திறந்தவெளித் தளம், பலகை மாதிரி சமமாக இருந்தது.

"உள்ள ஆறு மேஜதானே இருக்கு. உங்க கூட்டத்துக்குப் பத்தாதே" என்றாள் வூலா.

"உள்ள யாரும் வர மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு ஓட்டலுக்கு வர்றாங்க?"

"எனக்கும் இத்தன வருஷமா புரியலம்மா. நீங்க மேஜையத் தூக்கி வண்டிங்களுக்கு நடுவுல போடுங்க. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, தட்ட யாரோட பானெட் மேலயும் வச்சுடாதீங்க. கொலையே விழும்."

விருந்தன்று சாயங்காலம் வந்து இறங்கிய ஆல்வின் சுற்றிலும் பார்த்தார். "என்ன மெர்னா, லாரி நிக்கிற எடத்துல விருந்தா? நல்ல சட்ட போட்டுட்டு வந்துட்டேனே."

அவள் வூலாவுக்குக் கை காட்டினாள். பானெட்டுகள் திறந்தன, தலைகள் உள்ளே போயின. அந்தத் தலைகளுக்குப் பக்கத்திலேயே வூலா ஆட்டுக்கறித் தட்டுகளை நீட்டினாள், எலுமிச்சை பிழிந்து, ஆவி பறக்க.

"யப்பா, சூடா இருக்கே!" என்றார் ஒருவர், உலக அதிசயத்தைக் கண்டவர் போல. சங்க விருந்தில் சூடான கறியை அவர் நாக்கு கண்டதே இல்லை. ஆல்வினே இரண்டாவது தட்டுக்குக் கையை நீட்டினார். மெர்னாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து மழை வந்தது, சடசடவென்று. எல்லாரும் முதலில் பானெட்டை மூடினார்கள். அப்புறம்தான் தங்கள் தலையைப் பற்றி நினைத்தார்கள். உள்ளே மேஜையும் இல்லை, நிற்க இடமும் இல்லை. தட்டும் கையுமாக நனைந்துகொண்டு நின்றார்கள்.

"சொன்னேன்ல" என்றார் ஆல்வின்.

இவ்வளவு யோசித்த மெர்னா வானத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

கிளெம் தன் ஹோல்டனின் கதவைத் திறந்தார். "ஏறு."

"தட்டோடயா?"

"பின்ன? கறி நனையுதுல்ல. சீக்கிரம் ஏறு."

சங்கமே வாயைப் பிளந்தது. தலைவர் வண்டிக்குள் ஆட்டுக்கறி! ஒரு கணம்தான், அடுத்து வரிசையாகக் கதவுகள் திறந்து மூடின. பச்சை மோரிஸின் கதவும் மூடியது. வூலா குடையைப் பிடித்துக்கொண்டு சன்னல் சன்னலாகத் தட்டுகளை நீட்டினாள். மழைச் சத்தத்துக்கு மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மெர்னாவின் தட்டிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் சிவப்பு இருக்கையில் விழுந்தது. அவள் சட்டென்று தட்டை நிமிர்த்தினாள். கிளெம் அதைப் பார்த்தார். கட்டைவிரலால் துடைத்தார். அப்புறம் அவள் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வூலா அவர் பக்கத்துச் சன்னலைத் தட்டினாள். "தலைவரே, அடுத்து எப்ப வர்றீங்க? இப்பவே சொல்லிட்டீங்கன்னா கறி கூடுதலா வாங்கி வச்சுடுவேன்."

அடுத்து எப்போது வருகிறீர்கள் என்று ஓர் உணவகக்காரர் அந்தச் சங்கத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பெருமையில் மெர்னாவுக்குக் கண் கலங்கியது.

"என்னைக் கேட்டா?" என்றார் கிளெம், கறி நிறைந்த வாயோடு. "இடம் பாக்குறவங்க இந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க. அவங்களக் கேளுங்க."

வூலா குடையோடு வண்டியைச் சுற்றி வந்தாள். மெர்னா மழையைப் பற்றிக் கவலைப்படாமல் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதுமாக இறக்கினாள்.