சங்கத்தின் சார்பில் ஜெருஷா

கூட்டம் தொடங்க நேரம் இருக்கும்போதே ஜெருஷா டாலிவர் என்ற அந்த மாணவி மாவட்ட சபை மண்டபத்துக்குப் போய்விட்டாள். முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்ததில் குளிர்கோட்டைப் போட்டாள். அதற்கடுத்ததில் மஃப்ளர், அதற்கும் அடுத்ததில் பை. வரப்போகிறவர்களுக்கு இடம் பிடித்தாயிற்று. மருத்துவ மாணவர் என்று தெரியட்டும் என்பதற்காக எல்லோரையும் வெள்ளைக் கோட்டில் வரச் சொல்லியிருந்தாள். அவளும் அதைத்தான் போட்டிருந்தாள்.

கறுப்பின மருத்துவ மாணவர் சங்கத்தின் கல்லூரிக் கிளைக்கு அவள்தான் தலைவி. போன வருஷம் அவளையும் சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேர் பயிற்சிக்கு வேறு ஊர் போனார்கள். ஒருத்தி உடம்புக்கு முடியாமல் படிப்பையே நிறுத்தி வைத்திருந்தாள். மிஞ்சியவன் அமாரி. பரீட்சை முடிகிறவரை தன்னை விட்டுவிடும்படி அவனும் கேட்டுக்கொண்டான். "தலைவி, செயலாளர், பொருளாளர் மூணும் நான்தாம்மா. கூட்டம் போட்டா சண்டையே வர்றதில்ல," என்று அலபாமாவிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பாள், கொஞ்சம் தாமதமாக.

ஆற்றுக்குக் கிழக்கே, கறுப்பர்கள் வாழும் பக்கத்தில், ஒரு தேவாலயத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் சங்கம் சனிக்கிழமைதோறும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொடுத்தது. அங்கேதான் டனீட்டா அறிமுகமானாள். கிடங்கில் பெட்டி அடுக்குகிற பெண், தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை தலைவலி என்று வந்து உட்கார்ந்தவளுக்கு அழுத்தம் எங்கேயோ ஏறிக் கிடந்தது. ஜெருஷா அவள் கையைப் பிடித்து, தெருக்கோடியிலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப்போனாள். பிரசவப் பிரிவில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். தாயும் தப்பினாள், வயிற்றிலிருந்ததும் தப்பியது. அந்தப் பிரிவைத்தான் இப்போது மூடப் போகிறார்கள். பிரசவம் குறைந்துவிட்டதாம், கட்டுப்படியாகவில்லையாம். இனி வலி எடுத்தால் இரண்டு பஸ் மாறிப் பாலத்தைத் தாண்ட வேண்டும்.

மூடுவதைப் பற்றி முடிவெடுக்கும் சபைக் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம் என்று அறிவிப்பு வந்ததும் ஜெருஷா வகுப்பில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். லத்தீன் அமெரிக்க மாணவர் சங்கத்தையும் ஆசிய மாணவர் சங்கத்தையும் அழைத்தாள். நிறையப் பேர் வருகிறேன் என்றார்கள். கூட்டத்துக்கு மறுநாள் பரீட்சை இருப்பது அவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மண்டபம் நிறையத் தொடங்கியது. டை கட்டிய ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று பணிவாகக் கேட்டார். வாசலைப் பார்த்துவிட்டு ஜெருஷா பையை எடுத்துக்கொண்டாள். அடுத்து வந்த அம்மாளுக்காக மஃப்ளரை எடுத்தாள். கடைசியில் குளிர்கோட்டும் மடிக்கு வந்தது. இடம் பிடித்ததெல்லாம் அவள் மடியிலேயே குவிந்து கிடந்தது. டனீட்டாவும் பேச வருவதாக இருந்தாள். கிடங்கு மேற்பார்வையாளர் விடவில்லை என்று குறுஞ்செய்தி வந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். மூட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு ஒலிவாங்கி முன் போய் நின்றாள். சபைத் தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"சங்கத்தின் சார்பா பேசறேன்னு போட்டிருக்கு. எத்தன பேரு வந்திருக்கீங்க?"

கேலியாக அவர் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னைக்கு நான் மட்டுந்தாங்க," என்றாள்.

பெயர் சொல்லாமல் டனீட்டாவின் கதையைச் சொன்னாள். இரண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தால் அந்தப் பெண் நிறுத்தத்திலேயே வலிப்பு வந்து விழுந்திருப்பாள் என்று சொல்லும்போது நேரம் முடிந்ததற்கான மணி அடித்துவிட்டது. நன்றி சொல்லி உட்காரச் சொன்னார்கள். வாக்கெடுப்பில் ஒரே ஓர் உறுப்பினர் மட்டும் மூடக் கூடாது என்று கை தூக்கினார். வெளியே வரும்போது பக்கத்து நாற்காலி அம்மாள் அவள் தோளைத் தட்டி, நல்லாப் பேசினாய், எந்த நர்ஸிங் பள்ளி என்று விசாரித்தாள். திருத்திச் சொல்ல ஜெருஷாவுக்குத் தெம்பில்லை.

அறைக்கு வந்து விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"எப்டிம்மா போச்சு? கூட்டம் வந்துச்சா?"

"உக்கார எடமே இல்லம்மா. ஒரே கூட்டம்."

அது பொய்யுமில்லை. அம்மா மெல்லச் சொன்னாள்: "கோட்டுக் காலர் ஒரு பக்கம் உள்ள மடிஞ்சிருந்துச்சு கண்ணு. கூட யாராச்சும் இருந்திருந்தா எடுத்து விட்டிருப்பாங்க."

சபை நடவடிக்கையை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள் என்பது ஜெருஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, கூட வேலை செய்பவர்களோடு சின்ன போனில் பார்த்திருக்கிறாள்.

"பேச்சு நல்லா இருந்துச்சு," என்றாள் அம்மா. "குரல் நடுங்கல."

"உள்ள நடுங்குச்சும்மா."

"அது எனக்குத் தெரியும்."

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை டனீட்டா வந்தாள். வராமல் போனதற்கு வருத்தப்பட்டாள். ஜெருஷா அவள் புஜத்தில் பட்டையைச் சுற்றினாள். அழுத்தம் பார்க்கும்போது பேசக் கூடாது, இருவரும் பேசாமல் இருந்தார்கள். எண் பரவாயில்லை.

"இத்தோட எல்லாம் முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டாள் டனீட்டா.

மாநிலத் தலைநகரில் சுகாதாரத் துறை இன்னொரு முறை விசாரிக்கும் என்றாள் ஜெருஷா. அடுத்த மாதம்.

"அப்ப நான் பிரசவத்துல கெடப்பேன். நீ தனியாவா போவ?"

"அமாரிய கேக்கணும்."

கேட்டாள். அவனுக்கு அன்றைக்கு வார்டில் வேலை. ஜெருஷா பஸ்ஸில் தலைநகர் போய், பேசிவிட்டு, அன்றே திரும்பினாள். டனீட்டாவுக்கு அதற்குள் அந்தப் பிரிவிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. கோடை தொடங்கும்போது பிரிவை மூடிவிட்டார்கள். அந்த வாரமும் சனிக்கிழமை தேவாலயக் கூடத்தின் சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, மேசையைத் துடைத்து, வருகிறவர்களுக்காக ஜெருஷா ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள்.