ஆடுகளுக்கு ஒரு பாதை

என் மாமியார் ஆக்னஸ் என் நடைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: ட்ரட்ஜ். சேற்றிலும் பனியிலும் களைத்துப்போனவர்கள் காலைப் பெயர்த்துப் பெயர்த்து வைத்து நடப்பதை எங்கள் மலைநாட்டில் அப்படித்தான் சொல்வோம். எனக்குக் களைப்பே வேண்டாம். சமையலறைக்குள்ளேயே அப்படி நடப்பேன்.

"அலமாரில கோப்பையெல்லாம் ஆடுது. ஹில்டா மகாராணி வந்தாச்சு போல."

"ஆடினா என்ன அத்தை, விழலையே!"

என் கணவன் லான்டி சிரிப்பை ரொட்டியோடு சேர்த்து விழுங்குவான்.

அந்த மார்ச் மாதம் லான்டி கொட்டகைப் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டான். அதே வாரம் பனிப்புயல். எங்கள் சினை ஆடுகள் மலைமேல் கற்சுவரோரம் மாட்டிக்கொண்டன. மாலைக்குள் அடுத்த புயல் என்றது வானொலி. அந்த ஆடுகள் குட்டியிலிருந்தே தாயின் பின்னால் திரிந்து, வேலியே இல்லாத மலையில் தங்கள் எல்லையைக் கற்றுக்கொண்டவை. செத்தால் சந்தையில் வாங்கி ஈடுகட்ட முடியாது. புதிய ஆடுகள் வந்த அன்றே அடுத்த பள்ளத்தாக்குக்கு நடையைக் கட்டிவிடும். மந்தை போனால் பண்ணையும் போனதுதான்.

"நான் போய் ஓட்டிட்டு வரேன். நீ வீட்டப் பாத்துக்க," என்றார் அத்தை.

"வீடு எங்கயும் ஓடிடாது. நானும் வரேன்."

அத்தை குருவி மாதிரி. இறுகிய பனியின் மேல்தோல் அவரை அப்படியே தாங்கியது. நான் முழங்கால்வரை புதைந்து புதைந்து போய்ச் சேர்ந்தபோது, அவர் சீட்டியடித்து நாயை ஏவிக்கொண்டிருந்தார். முதல் ஆடு ஓர் அடி எடுத்து வைத்தது. வயிறுவரை புதைந்தது. திமிறிக்கொண்டு பின்வாங்கியது. மற்றவை சுவரோடு இன்னும் நெருக்கி ஒட்டிக்கொண்டன.

"நாயக் கூப்பிடுங்க அத்தை. மிரளுதுங்க. அதுங்களுக்குப் பாதை வேணும்."

"பாதைக்கு எங்கடி போறது? இருக்கறது ஒரே ஒரு மண்வெட்டி."

"எனக்குக் கால் ரெண்டு இருக்கே!"

கீழே பண்ணை வாசல் பக்கம் திரும்பினேன். முழங்காலைத் தூக்கினேன், முழுக் கனத்தையும் போட்டு மிதித்தேன். மறு கால். பனி நறநறத்து அமுங்கியது. வாசல்வரை போய், அதே தடத்தில் மேலே ஏறினேன். மூச்சு வாங்கியது, முதுகெல்லாம் வேர்வை. ஆனாலும் பயமில்லை. இந்த வேலையில் என்னை மிஞ்ச அந்தப் பள்ளத்தாக்கில் ஆளில்லை. மறுபடி இறங்கத் தொடங்கும்போது தடம் களிமண் தரையாய் இறுகியிருந்தது.

காது கிழிந்த கிழட்டு ஆடு ஒன்று தடத்தை முகர்ந்தது. கால் வைத்தது. புதையவில்லை. என் பின்னாலேயே வந்தது. அதன் வாலைப் பிடித்தாற்போல இன்னொன்று, பிறகு மந்தை முழுவதும்.

கடைசி ஆடும் அத்தையும் வாசலைத் தாண்டும்போது பனி மறுபடி கொட்ட ஆரம்பித்திருந்தது. மாடி ஜன்னலிலிருந்து லான்டி கத்தினான்:

"எல்லாம் வந்துச்சா?"

"உன் பெண்டாட்டிய எண்ணாம சொல்றேன், எல்லாம் வந்துச்சு!" என்றார் அத்தை.

அடுப்பங்கரையில் பழக்கேக்கை வெட்டி, மேலே பாலாடைக்கட்டி வைத்து என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு ஓடை வரைக்கும் ஒரு பாதை போடணும். தண்ணிக்குப் போகணும்ல அதுங்க."

"போட்டுடலாம்."

சற்று யோசித்து, இன்னொரு துண்டையும் என் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு, சாப்பிடு. எடை கிடை குறைஞ்சுடப் போகுது."