போட்னார் இடம்

டோலெஃப்சன் குடும்பம் ஊரை விட்டுப் போய் இருபத்துமூன்று வருடம் ஆகியும் அந்த நிலத்துக்கு டோலெஃப்சன் இடம் என்றுதான் பெயர். அதில் இருந்தவர் லாயோஷ் போட்னார். ஹங்கேரியிலிருந்து தனியாக வந்து, அவர்களிடம் அதை வாங்கி, தனியாகவே உழுதுகொண்டிருந்தார். காற்றுக்குத் தடுப்பாக வீட்டைச் சுற்றி அவர் நட்ட மரங்களைக்கூட டோலெஃப்சன் மரங்கள் என்பார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான். எங்கள் வீடு ரைலி இடம். ரைலி யாரென்று என் அப்பாவுக்கே தெரியாது.

எங்கள் சமையலறை ஜன்னலில் இருட்டிய பிறகு தெரியும் ஒரே விளக்கு போட்னாருடையது. இரண்டு மைல்.

1980இல் எங்கள் மாகாணத்துக்கு எழுபத்தைந்து வயதானதை ஒட்டி ஊர் வரலாற்றுப் புத்தகம் போட முடிவு செய்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் கதையைத் தானே எழுதித் தர வேண்டும். நான் அப்போதுதான் மண்ணியல் படித்து முடித்துத் திரும்பியிருந்தேன். தட்டச்சு தெரியும், வரைபடம் போடத் தெரியும். கூட்டங்களில் வாய் திறக்கமாட்டேன். ஒவ்வொரு நிலமும் ஒரு கட்டமாக, கட்டத்துக்குள் பெயரோடு, ஊர் வரைபடம் போடுவது உட்பட எல்லா வேலையும் என்னிடம் வந்தது.

போட்னாரின் படிவத்தில் திருமண நாள், பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லாம் காலி. பின்பக்கத்தில் மட்டும் சிறிய எழுத்தில் ஒரு கணக்கு இருந்தது. 1959, நட்டது நூற்றிருபது, பட்டுப்போனது முப்பத்தொன்று. 1960, நட்டது எண்பது, பட்டுப்போனது அறுபத்தாறு, மழை இல்லை. இப்படியே கீழே வரை.

“குடும்பத்தைப் பத்தி எழுதச் சொல்றாங்க. என்கிட்ட மரம்தான் இருக்கு,” என்றார். “கதையெல்லாம் வேணாம் கிரெட்டா. வரைபடத்துல அந்தக் கட்டத்துக்குள்ள என் பேரைப் போடட்டும். நீ கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லு.”

“சொல்றேன்.”

மார்ச்சில் ஊர்க்கூடத்தில் கூடினோம். போகும் வழியில் வண்டிக்குள் மூன்று முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்: அங்க இருக்கறவர் பேரைப் போடலாமே. நான்கே சொற்கள்.

“டோலெஃப்சன் பேரப் பசங்க வான்கூவர்லேருந்து பதினோரு பக்கம் அனுப்பியிருக்காங்க,” என்றார் குழுத் தலைவி வெர்னா. “அந்தக் கட்டத்துல டோலெஃப்சன்னே எழுதிடும்மா.”

என் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.

“வேற பேரு போட்டா எவன் கண்டுபிடிப்பான்?” என்றார் தானியக் கிடங்கு கிளிஃபர்ட். “போட்னாரே வழி தெரியாம சுத்துவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. போட்னாரின் டிராக்டர் நின்றுபோனால் முதலில் ஓடுகிறவர் கிளிஃபர்ட்தான். நான் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, டோலெஃப்சன் என்று எழுதினேன்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பனி இறுகிக் கிடந்தது.

“சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லி அவங்க மாட்டேன்னு சொன்னாங்களா?”

“இல்ல. நான் சொல்லவே இல்ல.”

கதவை அகலத் திறந்தார். “உள்ள வா, சூடெல்லாம் வெளிய போகுது,” என்றார். நான் போகவில்லை.

அதன் பிறகு சாலையில் எதிரே வரும்போதெல்லாம், எல்லோரும் செய்வதுபோல, வணக்கத்துக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். தூக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

ஆகஸ்டில் கீழே விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். நிலத்தை ஓர் இளம் தம்பதிக்கு விற்றுவிட்டு, நாற்பது மைல் தள்ளி டவுனில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போனார். அக்டோபரில் வெர்னா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“போட்னார் இடத்துக்குப் புதுசா வந்திருக்கற பசங்க அவங்களும் ஒரு பக்கம் தரலாமான்னு கேக்கறாங்க.”

“எந்த இடம்?”

“போட்னார் இடம்மா. என்னமோ தெரியாத மாதிரி கேக்கறே.” பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “வரைபடத்துல என்ன போட்டிருக்கே? டோலெஃப்சனா? ஐயோ, அதை மாத்திடு. இப்ப யாருக்குப் புரியும்?”

பிளேடால் மையைச் சுரண்டினேன். தாள் கொஞ்சம் மெலிந்துவிட்டது. அதன் மேல் போட்னார் என்று எழுதினேன்.

டிசம்பரில் புத்தகம் வந்ததும் எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து வரைபடத்தில் தேடினார். ஆற்றைப் பிடித்து, ரயில் பாதையைப் பிடித்து, கட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கேயே நின்றார்.

“நீ சொன்னியா?”

“இல்ல. நீங்க கிளம்பிட்டீங்க. அதனால மாத்தச் சொன்னாங்க.”

தலையை ஆட்டினார். “முதல் வருஷமே கிளம்பியிருந்தா அப்பவே கிடைச்சிருக்கும்.”

கதவு திறந்தது. தட்டுடன் வந்த பணிப்பெண், வெளியே யாரிடமோ திரும்பி, “காலவே ரூமுக்கு சூப் கொடுத்தாச்சு!” என்றாள்.

“மிஸஸ் காலவே மே மாசம் செத்துப்போனாங்க,” என்றார் போட்னார் என்னிடம். “இந்தக் கட்டில்லதான்.”

“இது போட்னார் ரூம்,” என்றேன்.

நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. நடைவழியில் யாரோ நின்று பார்த்தார்கள். பணிப்பெண் திகைத்து, பிறகு சிரித்தாள்.

“ஆமாம்மா, மிஸ்டர் போட்னார்தானே இப்ப காலவே ரூம்ல இருக்காரு?” தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அவர் புத்தகத்தை மூடாமல் பக்கத்தில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். சூப்பை ஊதிக் கொஞ்சம் குடித்தார்.

“சத்தமாத்தான் சொன்னே,” என்றார்.