புதன்கிழமைக் கூட்டம்

எங்கள் மருத்துவமனையில் தீக்காய வார்டு மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே கட்டு மாற்றுகிற நர்ஸை எல்லோரும் கட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய டாக்டருக்கும் அவள் அக்காதான். அதே வராந்தாவின் கடைசி அறையில் நான் பிசியோதெரபிஸ்ட். புண் ஆறியவர்களின் விறைத்துப்போன விரல்களையும் முழங்கைகளையும் மடங்க வைப்பது என் வேலை. "நான் ஒரு தடவை அழ வைக்கிறேன், மிச்சத்தை நீ பாத்துக்கற" என்று அக்கா சிரிப்பாள்.

எல்லாம் ஒரு வெல்டரிடமிருந்து தொடங்கியது. பட்டறையில் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோய் வந்தவன். வலி ஊசி போட்ட பிறகும், கட்டைப் பிரிக்கும்போது அவன் போடுகிற சத்தத்தில் கீழ்மாடியில் இருப்பவர்கள் படியேறி வந்து எட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் அக்கா என்ன நினைத்தாளோ, "தம்பி, எங்க வீட்டுக்கு ஒரு கேட் போடணும். எப்படிப் போடலாம், சொல்லுங்க" என்றாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். உயரம், அகலம், நடுவில் ஒரு வளைவு, வளைவுக்குள் கொடி. அவன் சொல்லச் சொல்ல அக்கா மருந்து அட்டைப்பெட்டியின் பின்பக்கம் ஒரு கையால் வரைந்தாள்.

"இது கேட்டா அக்கா? மீன்முள்ளு மாதிரி இருக்கு" என்றான் அவன். அதற்குள் கட்டு முடிந்திருந்தது. அன்று அவன் கத்தவே இல்லை.

அக்கா ஓடிவந்து என்னிடம் சொன்னாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இருபது வருடமாகப் பிறர் அலறலைக் கேட்டே வாழ்ந்தவள் அவள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் என் அறையில் நாலு பேர் உட்கார்ந்தோம். விரல் மடங்காதவர்கள் களிமண் பிசைந்தார்கள். கை தூக்க முடியாதவர்கள் சொல்ல, மற்றவர்கள் வரைந்தார்கள். பாடத் தெரியாதவர்கள்தான் அதிகம் பாடினார்கள். ஒரே ஒரு சட்டம்: எப்படித் தீப்பிடித்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஆறு மாதத்தில் பன்னிரண்டு பேர் ஆனோம். வீட்டுக்குப் போனவர்களும் புதன்கிழமை தவறாமல் வந்தார்கள். நாற்காலி போதாமல் என் பயிற்சிக் கட்டிலிலேயே நாலு பேர் நெருக்கியடித்து உட்காருவார்கள். நான் திட்டினால், "ஆறு மாசமா படுக்க வச்சீங்கல்ல, இப்ப உக்கார்றோம்" என்பான் வெல்டர்.

விஷயம் மேலே போனது. மேலே போனதும் அதற்கு ஒரு பெயர் வந்தது: ஃபெலோஷிப். கலை வழியாக வலியைக் குறைப்பது பற்றி ஒரு வருட ஆராய்ச்சி. புல்லாங்குழல்காரர் ஒருவர், ஓவியர் ஒருவர், மனநல நிபுணர்கள் என்று எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கென்று ஒரு இயக்குநர் வந்தார். நல்ல மனிதர்தான். அக்காவை முதல் நாளே மேடையில் உட்கார வைத்து, இந்த விதை இவர் போட்டது என்றார். அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டாள். "நிறைய பேருக்குப் போய்ச் சேரும்ல?" என்றாள் என்னிடம்.

போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, படிவங்கள் வந்து சேர்ந்தன. கட்டுக்கு முன்னால் வலி பத்துக்கு எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எழுத வேண்டும். "வலிச்சா வலிக்குது. அதுல என்னங்க பத்துக்கு இத்தனை?" என்றான் வெல்டர். அடுத்த மாதமே, வீட்டுக்குப் போனவர்கள் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று விதி வந்தது. அவர்கள் ஆராய்ச்சிக் கணக்கில் இல்லையாம். அக்கா இரண்டு முறை இயக்குநர் அறைக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினாள். "நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கேம்மா" என்று அவர் தன்மையாகச் சொன்னாராம். வெல்டர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

அந்த வருடம் நடுவில் அக்காவின் தங்கை எங்கள் வார்டுக்கு வந்தாள். சலவைக் கடையில் நீராவிக் குழாய் வெடித்திருந்தது. கழுத்து, மார்பு, வலது கை. வேறு யாரையாவது கட்டுப் போடச் சொல்லலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை.

முதல் கட்டு மாற்றும்போது நானும் கூட இருந்தேன். அக்கா உப்புநீர் விட்டு நனைத்துத் துணியை மெல்லப் பிரித்தபடி, "ஞாபகம் இருக்காடி, நாம சின்னப் பிள்ளைல மாடில..." என்று தொடங்கினாள்.

"அக்கா, கதை சொல்லாத" என்றாள் தங்கை.

"இல்லடி, பேசிட்டே இருந்தா வலி தெரியாது."

"தெரியுது. எனக்கு வலிக்குது. வலிக்குதுன்னு சொல்ல விடு."

அப்புறம் அவள் கத்தினாள். அக்கா துணியின் பாதியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். மீதியைப் பிரிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

மறுவாரம் ஆராய்ச்சிக்காரப் பெண் படிவத்தோடு வந்தாள். புல்லாங்குழல் வாசித்துப் பார்த்தார்கள். வாசிப்புக்கு முன்னால் ஏழு என்று சொன்ன தங்கை, முடிந்ததும் ஒன்பது என்றாள். அடுத்த தடவை குழல்காரரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டு, "உங்க சொந்தத் தங்கச்சியே வேணாம்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க? கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்" என்றார். அக்கா யாருக்கு எதை எடுத்துச் சொல்வாள்?

ஒரு சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு வெல்டரின் பட்டறைக்குப் போனாள். அவன் பழையபடி வேலைக்கு வந்திருந்தான். ஜன்னல் கம்பி ஒன்றை உரசிக்கொண்டிருந்தவன், எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"தம்பி, உங்களை ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் படம் போட்டப்போ வலி குறைஞ்சுதுல்ல? எப்படிக் குறைஞ்சுது? என் தங்கச்சிக்குச் செய்யத் தெரியல எனக்கு."

அவன் கையுறையைக் கழற்றினான். வடுக்கள் பளபளத்தன.

"உண்மையைச் சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே அக்கா?"

"சொல்லுங்க."

"குறையல. உயிர் போற மாதிரிதான் இருந்துச்சு. நீங்க அவ்ளோ பாடுபட்டு வரைஞ்சீங்க. நான் கத்தினா உங்க மனசு கஷ்டப்படும்னு வாயை மூடிக்கிட்டேன்."

"அப்புறம் எல்லா நாளும்?"

"எல்லா நாளும்தான். மத்தவங்க எப்படின்னு எனக்குத் தெரியாது." கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டே, "ஆனா புதன்கிழமை எனக்குப் பிடிக்கும் அக்கா. அது வேற" என்றான்.

அக்கா தலையாட்டினாள். பேருந்து நிறுத்தத்தில், "எத்தனை பேர் எனக்காக வாயை மூடிக்கிட்டிருந்தாங்களோ" என்றாள்.

அடுத்த ஆராய்ச்சிக் கூட்டத்தில் அக்கா எழுந்து, வெல்டர் சொன்னதை எல்லோர் முன்னாலும் சொன்னாள். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. மிக முக்கியமான கருத்து என்று இயக்குநர் குறித்துக்கொண்டார். வருட முடிவில் வந்த அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில், சில நோயாளிகள் செவிலியரின் மனம் நோகாதபடி பதில் அளித்திருக்கக் கூடும் என்று ஒரு வரி இருந்தது. முன் அட்டையில் அக்காவின் படம். இரண்டாம் வருடத்துக்குப் பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்துக்குக் கண்ணாடிக் கதவு வைத்த தனி அறை கிடைத்தது. அக்கா கட்டு வேலை மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தாள்.

தங்கை பத்து வாரம் இருந்தாள். ஒவ்வொரு கட்டுக்கும் கத்தினாள். அக்கா பேசாமல் செய்தாள். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இப்போதும் என்னிடம் பயிற்சிக்கு வருகிறாள். அக்காவும் தங்கையும் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், அந்தப் பத்து வாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி.

போன வாரம் புதிதாக ஒரு பெரியவர் வந்தார். லாரி ஓட்டுகிறவர், இரண்டு கால்களும் வெந்திருந்தன. அக்கா துணியை நனைத்து, "ஐயா, கத்தணும்னு இருந்தா கத்துங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றாள்.

"பரவாயில்லம்மா, நீங்க செய்யுங்க" என்றார் அவர்.

கட்டு முடியும்வரை அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அக்கா அடிக்கடி நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.