எரிமலையின் உடைந்த பக்கம்

மேஜையில் என் வரைபடம் இல்லை. அப்பாவின் சேலைக்கரை டிசைன்தான் இருந்தது. இரண்டுமே கிராஃப் தாள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"மேல இருந்ததைத்தான் மத்தியானம் எடுத்துக்கினு போய்ப் பழனிகிட்ட குடுத்தேன்மா. அட்டை அடிக்க."

எரிமலை படிக்கும் மாணவர்களுக்கு இந்தோனேசியாவில் மூன்று வாரக் களப்பயிற்சி. பல நாடுகளிலிருந்து வருவார்கள். கொடுத்த உயர அளவுகளை வைத்து ஓர் எரிமலையைக் கையால் வரைவதுதான் அதில் சேரக் கடைசித் தேர்வு. மூன்று நாள் வரைந்தேன். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். இப்போது நான்கு. போனில் படம்கூட எடுத்து வைக்கவில்லை.

பழனி அண்ணன் பட்டறை இருக்கும் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. வேகமாகப் போகச் சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

பழனி அண்ணன் டிசைனைப் பார்த்துத் தறி அட்டைகளில் ஓட்டை போடுபவர். தாளை நீட்டினார். கோடு போன கட்டமெல்லாம் சிவப்பு பென்சில்.

"இன்னா டிசைன்மா இது? வெங்காயத்தை அறுத்து வச்சா மாதிரி. ஒரு பக்கம் உடைஞ்சி இருந்துச்சி. அதை அழிச்சிட்டு, எதிர்ப் பக்கம் மாதிரியே சேத்துட்டேன்."

உடைந்த பக்கம்தான் கேள்வியே. நெருப்புக் குழம்பு அந்த வழியாகத்தான் இறங்கும். அங்கிருக்கும் ஊர்களைத்தான் முதலில் காலி செய்ய வேண்டும்.

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரப்பர் தேய்த்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொடுத்த அளவுகள் வீட்டில்.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?"

கத்தியது நான்தான்.

"அழாதமா. அழிக்கிறதுக்கு முன்னாடி அடிச்ச அட்டை அதோ கெடக்குது. கோணலா வந்துச்சேன்னு தூக்கிப் போட்டேன்."

ஓர் அட்டைக்கு ஒரு வரிசைக் கட்டம். அவருடைய சிவப்பை அழித்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் ஓட்டைகளைத் தடவிப் படித்தார்.

"நாலு விடு. ரெண்டு போடு. பதினொண்ணு விடு."

நாலு ஐம்பத்திரண்டுக்கு அட்டை தீர்ந்தது. மூன்று வரிசை குறைந்தது. மூன்றும் உடைப்பின் நடுவில்.

"குப்பை வண்டி வந்துச்சே, அதுல போயிருக்கும்," என்றார் மெதுவாக. "பக்கத்து வரிசையைப் பாத்து நிரப்பிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

நினைவிலிருந்து போட்டுப் பார்த்தேன். அழித்தேன். 'இங்கே மூன்று வரிசை தொலைந்தது' என்று ஓரத்தில் எழுதினேன்.

"காலியா விட்டா எந்த முதலாளியும் டிசைனை எடுக்கமாட்டான்மா."

"தெரியும்ண்ணா."

படம் எடுத்து அனுப்பினேன். நாலு ஐம்பத்தொன்பது. கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

"சரி, அப்பாவோட டிசைன் எங்க?" என்றார்.

அதை நான் எடுத்து வரவில்லை.