மயில்கண் வேஷ்டியும் ஒன்பது குழி மைதானமும்

பட்டாபிராமன் கோல்ஃப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்மஜா ‘உம்’ என்பாள். குழம்பு கொதிக்கும்போதும் உம், பீரோ சாவியைத் தேடும்போதும் உம். அந்த ஒரு ‘உம்’மை வைத்துக்கொண்டே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள். மனுஷரும் லேசுப்பட்டவர் இல்லை. கேட்கிறாளா இல்லையா என்று கவலைப்படாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இத்தனைக்கும் அவர் கோல்ஃப் கழியைக் கையால் தொட்டதில்லை. கல்கத்தா துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலதிகாரியிடம் அவசரக் கையெழுத்து வாங்க ஏதோ கிளப்புக்குப் போயிருக்கிறார். மரத்தடியில் காத்து நின்றபோது, ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டுத் தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் பந்து பறந்துபோய்ப் பச்சைத் தரையில் இறங்கியதாம். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. அந்தக் கிளப்புகளில் உறுப்பினராகக் காத்திருந்தால் பேரனுக்கே தலை நரைத்துவிடும் என்று தெரிந்ததால், டிவியில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். டிவியில் ஆட்டம் இல்லாத நாட்களில் ஹாலில் ஆடுவார். குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கைப்பிடியால் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தள்ளுவார்.

“இங்க பாரு பத்மா, தரை எந்தப் பக்கம் சாயறதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அப்பறம் புல்லு. நம்மளைப் பாத்துப் படுத்திருக்கா, எதிர்ப்பக்கம் படுத்திருக்கான்னு குனிஞ்சு பாக்கணும். அதுலதான் சூட்சுமமே இருக்கு.”

“உம். பழத்தை நசுக்காதேங்கோ, ரசத்துக்கு வேணும்.”

இப்போது பாலிகஞ்ச் வீட்டை விற்றாகிவிட்டது. கோயம்புத்தூரில் பிள்ளையோடு இருக்கப் போகிறார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரி வியாழக்கிழமையே கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம். நடுவில் இருந்த இரண்டு நாளும் நியூ டவுனில் மகள் சுபிக்ஷாவின் ஃப்ளாட்டில்தான். சனிக்கிழமை அப்பாவுக்கு நட்சத்திரப் பிறந்தநாள், எழுபது முடிகிறது. சுபிக்ஷா சம்பாதிக்க ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்கு என்னென்னவோ வாங்கிக் கொடுத்திருக்கிறாள், எதையும் அவர் இரண்டாம் தரம் தொட்டதில்லை. இந்தத் தடவை குறி தப்பவில்லை. கார், டிரைவர், கூடவே விளக்கிச் சொல்ல ஒரு ஆள் என்று பழைய கோல்ஃப் மைதானங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்துவிட்டாள். டாலிகஞ்சில் உலகப் புகழ் பெற்ற பழைய கிளப்பை வெளியிலிருந்து பார்க்கலாம். அப்புறம் வடக்கே ஆற்றோரமாகப் போனால், அந்தக் காலத்தில் சணல் ஆலைத் துரைமார்கள் போட்ட ஒன்பது குழி மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே வருகிற விருந்தாளிகள் ஒரு குழிக்கு மட்டும் ஆடிப் பார்க்கலாம்.

“ஆடலாமா? நானா?” என்று பட்டாபிராமன் மூன்று தரம் கேட்டார். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வினை அந்த வியாழக்கிழமையிலேயே ஆரம்பித்துவிட்டது. கதவுக்குப் பின்னால் ஒரு பேன்ட்டைத் தேய்த்து மாட்டி வைத்துவிட்டு, “பத்மா, இது மட்டும் வெளியில இருக்கட்டும். சனிக்கிழமைக்கு” என்றார் அவர். பத்மஜா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். “உம்” என்றாள். அரைமணி கழித்து, ‘இந்த மனுஷர் எதையும் எடுத்து வைக்க மாட்டார்’ என்று முணுமுணுத்தபடி அதையும் மடித்துப் பெட்டிக்குள் போட்டு ஒட்டினாள். லாரி போய்விட்டது.

சனிக்கிழமை விடிகாலையில் குளித்துவிட்டு வந்து, பத்மஜா அதை எடுத்து வந்திருப்பாள் என்ற நம்பிக்கையில் அவர் தேடினார். பேன்ட்டுகள் அத்தனையும் ஒரிசாவையோ ஆந்திராவையோ கடந்துகொண்டிருந்தன. வீட்டில் கட்டிக்கொள்ளும் வேஷ்டிகள் போக, பிறந்தநாளுக்கென்று பத்மஜா கைப்பையில் தனியாக வைத்திருந்த மயில்கண் வேஷ்டி இருந்தது.

“கோல்ஃப் கிளப்ல உடுப்புக்கு ரொம்பக் கண்டிஷன் உண்டு பத்மா. ஜீன்ஸ் போட்டாலே விட மாட்டா.”

“வெள்ளைக்காரன் போய் எத்தனை காலம் ஆச்சு? பிறந்தநாளும் அதுவுமா வேஷ்டி கட்டிண்டு வந்தவரை எவன் வேண்டாங்கறான்? லட்சணமா இருக்கேள், வாங்கோ.”

கார் கீழே வந்து நின்றது. அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. அவர் வேஷ்டியோடு கிளம்பினார்.

கூட வந்தவன் பெயர் ரஞ்சன். நாற்பது வயது இருக்கும், சிரித்த முகம். இந்த ஊர் வழக்கப்படி அவரை மேஷோ என்றும் அவளை மாஷிமா என்றும் சித்தப்பா சித்தி முறை வைத்துக்கொண்டான். டாலிகஞ்சில் மதிலோரமாக வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவன் வாயைத் திறப்பதற்குள் பட்டாபிராமன் ஆரம்பித்துவிட்டார்.

“ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தொம்பது பத்மா! பிரிட்டனுக்கு வெளியில இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் உலகத்துலயே கிடையாது. இத்தனை வருஷம் இதுக்குப் பக்கத்துலயே இருந்திருக்கோம், பாரு!”

“உம்” என்றாள் பத்மஜா. புளியோதரை டப்பா சாய்ந்து எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடக்கே போகப் போக நெரிசல். ஆலைப் புகைபோக்கிகளும் ஆற்றின் சேற்று வாடையும் வந்தன. ஒரு கடைத்தெருவில் வண்டி ஊர்ந்தபோது, ரெடிமேட் கடைக்காரர் ஒருவர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். ரஞ்சன் பின்னால் திரும்பித் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“மேஷோ, கிளப்பில் கொஞ்சம் கறார்தான். இங்கே ஒரு பேன்ட் வாங்கிவிடலாமா? ஐந்து நிமிஷம். இதைத் தாண்டினால் வேறு கடை கிடையாது.”

பட்டாபிராமன் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பத்மஜா பார்க்கவில்லை. அவள் பார்த்தது கைக்கடிகாரத்தை.

“ஐயோ, வேண்டாம்! சனிக்கிழமை பத்தரை வரைக்கும் ராகு காலம். பிறந்தநாள் அன்னிக்குப் புதுத் துணி, அதுவும் ராகு காலத்துல வாங்குவாளா யாராவது? எழுபது வயசு ஆறது உங்களுக்கு. சும்மா இருங்கோ.”

“பேன்ட்தானேடி…”

“பேன்ட்டும் துணிதான். வண்டியை எடுக்கச் சொல்லுங்கோ.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். கடை பின்னால் போயிற்று. கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. இரண்டு லோக்கல் ரயிலும் ஒரு சரக்கு ரயிலும் போகும்வரை காத்திருந்துதான் அந்தப் பக்கம் போக முடிந்தது.

மைதானத்து வாசலில் வயசான தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. காரியதரிசி மரியாதையான ஆள். எழுந்து நின்று கைகூப்பினார். பிறந்தநாள் என்று கேள்விப்பட்டதும் வாழ்த்தினார். அப்புறம் வேஷ்டியைப் பார்த்தார்.

“மன்னிக்கணும். பேன்ட் இல்லாமல் உள்ளே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை.”

பத்மஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. தனக்குத் தெரிந்த வங்காளம் அத்தனையையும் அவிழ்த்துவிட்டாள். பூஜைக்கு உங்கள் வீட்டில் யாரும் தோத்தி கட்டுவதில்லையா, உங்கள் அப்பா பேன்ட் போட்டுக்கொண்டா கல்யாணம் செய்துகொண்டார் என்று கேட்டாள். காரியதரிசி தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் வழிவிடவில்லை. ரஞ்சன் டிரைவரின் பேன்ட்டைக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றான். ஒல்லிக்குச்சி டிரைவரையும் தன் வயிற்றையும் பட்டாபிராமன் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கடைத்தெருவுக்குத் திரும்பிப் போகலாம் என்றால் நடுவில் அந்த ரயில்வே கேட். போய் வருவதற்குள் உறுப்பினர்களின் போட்டி ஆரம்பித்துவிடும், அப்புறம் வெளியாட்களுக்கு இடமில்லை.

“அவரைத் திட்டாதே பத்மா. ரூல்னா ரூல்தான். எனக்குத் தெரியும்” என்றார் பட்டாபிராமன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலையே என்று இருந்தது அவளுக்கு. கோபப்பட்டால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். அவரோ கிளப்பின் கட்சி பேசினார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “புடவைக்குத் தடை இல்லையே?” என்று காரியதரிசியைக் கேட்டார்.

“இல்லை.”

“அப்ப நீ போயிட்டு வா பத்மா.”

“நானா! எனக்கென்ன தெரியும்?”

“எனக்குப் பதிலா நீ பாரு. நன்னாப் பாத்துண்டு வந்து எங்கிட்ட சொல்லு. அது போறும்.”

ஃபோனைக் கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், மைதானத்துக்குள் கூடாதாம். பத்மஜா உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாள். மரத்தடி பெஞ்சில் வேஷ்டி நுனியை மடித்து ஒதுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். வேலி உயரமானது. அங்கிருந்து ஒன்றும் தெரியாது.

உள்ளே அப்படி ஒரு இடம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. வெளியே அத்தனை ஹாரன், அத்தனை புழுதி, இங்கே மாமர நிழலும் தூரத்தில் பழுப்பாக ஓடும் ஆறும்தான். தரை ஈரமாக, பாய் விரித்தாற்போல் இருந்தது. ரஞ்சன் ஒரு கழியைக் கொடுத்து, கையை எப்படி வைப்பது என்று காட்டினான். முதல் வீச்சு காற்றில் போயிற்று. இரண்டாவதில் கொஞ்சம் மண் பெயர்ந்தது. மூன்றாவதில், இடுப்பில் செருகிய முந்தானை அவிழ, ‘டொக்’ என்று ஒரு சத்தம். கையில் எந்தக் கனமும் தெரியவில்லை. பந்து எழும்பிப் போய், கொடி நட்டிருந்த பச்சை வட்டத்தில் இறங்கி, கொஞ்சம் உருண்டு நின்றது.

பத்மஜா வாய்விட்டுச் சிரித்தாள். “மாஷிமா, பிரமாதம்!” என்று ரஞ்சன் கைதட்டினான். சிரித்துக்கொண்டே திரும்பி, பக்கத்தில் இல்லாத ஆளைத் தேடினாள். அப்போதுதான் உறைத்தது. இந்தச் சத்தத்தைத்தான் அந்த மனுஷர் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இது அவருடைய அடி. ஒரு பேன்ட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி, ஒரு கடையைத் தாண்ட வைத்து, அவர் கையிலிருந்து இதைப் பிடுங்கிக்கொண்டு வந்து தானே அடித்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தரையைப் பார்த்தாள். பச்சையாக இருந்தது. இன்னும் குனிந்து பார்த்தாள். அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் பட்டாபிராமன் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். காரில் ஏறி உட்கார்வதற்குள் கேள்விகள் ஆரம்பமாயின.

“அடிச்சியா? பட்டுதா?”

“பட்டுது. கொடிகிட்டப் போய் விழுந்துது.”

“ஆஹா! கொடிக்கு இந்தண்டையா, அந்தண்டையா? தரை ஆத்துப் பக்கம் சாய்ஞ்சிருந்ததோ?”

“சாய்ஞ்சிருந்ததா… தெரியலையே.”

“சரி, விழுந்தப்பறம் எந்தப் பக்கம் உருண்டுது?”

“கொஞ்சம் உருண்டுது.”

“புல்லு எப்படிப் படுத்திருந்தது? நம்மளைப் பாத்தா, எதிர்ப்பக்கமா? மணல் குழி எங்கே இருந்தது?”

மணல் குழி என்று ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரியாது. முன் சீட்டிலிருந்து ரஞ்சன் திரும்பி, “மேஷோ, இடதுபுறம் ஒரு…” என்று ஆரம்பித்தான். பட்டாபிராமன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இரு ரஞ்சன், அவ சொல்லட்டும்.”

அவளிடம் சொல்ல என்ன இருக்கிறது? எதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் தரையில் எலுமிச்சம்பழத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தாரே, அதில் ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் இப்போது வாயில் வந்திருக்கும். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியில் அவள் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, “பரவால்ல விடு. வெயில் வேற” என்றார்.

படித்துறை ஒன்றில் வண்டியை நிறுத்திப் புளியோதரை சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றார். ரஞ்சனுக்கும் டிரைவருக்கும் அவரே இலையில் எடுத்து வைத்தார். வடாம் இரண்டு போட்டுக்கொண்டார். கோல்ஃப் என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

திரும்பும்போது கடைத்தெரு வந்தது. ரெடிமேட் கடை வாசலில் பேன்ட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ராகு காலம் எப்போதோ முடிந்திருந்தது. பத்மஜாவுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் ‘நீ என்ன பண்ணுவே’ என்பார். அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மகள் வீட்டை நெருங்கி, சால்ட் லேக் தாண்டும்போது அவர் கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். அவள் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏன்னா, அந்தச் சத்தம் இருக்கே, டொக்குனு… கையில ஒண்ணுமே தெரியலேன்னா. பந்து தானாப் பறந்த மாதிரி இருந்தது. நீங்க சொல்லுவேளே, அதேதான்.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோயம்புத்தூர் போனதும் குடையை எடுத்துண்டு ஹால்ல காமிங்கோ. புல்லு, சாய்வு எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லுங்கோ. பழம் நசுங்கினாப் பரவால்ல. நான் கேட்டுக்கறேன். என்ன, காமிக்கறேளா?”

“உம்” என்றார் பட்டாபிராமன்.

வேறு யாராவது கேட்டிருந்தால் அதைச் சம்மதம் என்று நினைத்திருப்பார்கள். பத்மஜாவுக்கு அந்த ‘உம்’மைத் தெரியும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை.