வராத வாத்து

கைடு கையெழுத்துப் போடாத ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் தொட்டுக்கூடப் பார்க்காது. 1997-ல் சேர்ந்தேன், பத்து வருஷமாக அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் காத்திருக்கிறேன். கரைவெட்டி ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகள் என் ஆராய்ச்சி. அவை வர வேண்டிய நேரத்துக்கு வந்து, போக வேண்டிய நேரத்துக்குப் போய்விடுகின்றன. நான்தான் கரையிலேயே நிற்கிறேன்.

கைடு தங்கசாமி சார் தங்கமான மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் சொன்னேன். முதல் தடவை எழுதி முடித்துக் கொண்டுபோனபோது, "பேரெல்லாம் மாத்திட்டாங்கம்மா, பாத்தியா?" என்று ஒரு புதுப் புத்தகத்தைக் காட்டினார். பர்ப்பிள் மூர்ஹென் இனிமேல் பர்ப்பிள் ஸ்வாம்ப்ஹென். ஒயிட் ஐபிஸ் இனிமேல் பிளாக்ஹெடட் ஐபிஸ். வெள்ளை உடம்பைப் பார்த்துப் பேர் வைத்தவர்களுக்கு இப்போதுதான் கறுப்புத் தலை கண்ணில் பட்டிருக்கிறது. ஊரில் நாங்கள் அரிவாள்மூக்கன் என்று சொல்லும் அந்த ஐபிஸ் அதுபாட்டுக்குச் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. அரியலூர் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து முழுசையும் திரும்ப அடித்தது நான். அடித்து முடிப்பதற்குள், புத்தகத்தில் பறவைகளின் வரிசையும் மாறிவிட்டது என்றார். முதலில் இருந்த முக்குளிப்பானைப் பின்னால் தள்ளி, வாத்துகளை முன்னால் கொண்டுவந்து, அத்தியாயங்களை மறுபடி அடுக்கினேன்.

இதற்கு நடுவில் வருஷா வருஷம் அவருக்காக ஏரியில் பறவை எண்ணித் தந்தேன். அறிக்கை அவர் பேரில் வரும். அவர் லீவு போட்டால் கிளாஸும் நான்தான். வேறு கைடுக்கு மாறலாம் என்று பார்த்தால் அதற்கும் இவர்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பெண் பார்க்க வந்தவர்கள் "இன்னுமா படிக்குது?" என்று கேட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்த ஜனவரியில் ஒரு வழி திறந்தது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் லெக்சரர் வேலை. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டால் வேலை எனக்கு. அப்பா, வெங்காயத்தைச் சேமித்து மூடி வைத்திருக்கும் பட்டறையைப் பிரித்து, பருமனாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு பை கட்டிக் கொடுத்தார். "சார் வூட்டுக்கு வெறுங்கையோட போவாத" என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். பத்து வருஷத்தில் அந்த வீட்டில் வெங்காயம் விலைக்கு வாங்கியிருக்க மாட்டார்கள்.

சார் பையை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஸ்பாட்பில் டக்க ரெண்டு இனமா பிரிச்சிட்டாங்க, வெற்றிச்செல்வி. உன் மூணாவது அத்தியாயம் முழுக்க அந்த வாத்துதான? இன்னும் ரெண்டு சீசன் பாத்து, எது எதுன்னு பிரிச்சு எழுதிடு."

கொண்டுபோன ஆய்வேட்டுக் கட்டை மேஜைமேல் வைத்தேன். "சார், பிரிச்ச அந்த இன்னொரு வாத்து சீனாப் பக்கம் இருக்கறதுங்க. நம்ம ஏரிக்கு வரவே வராதுங்க."

அவரை எதிர்த்து நான் பேசியது அன்றுதான். அவர் கோபப்படவில்லை.

"எனக்குத் தெரியாதாம்மா? ஆனா வரலைன்னு நீ பாத்துல்ல சொல்லணும்?"

நான் என் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரலை இறக்கிக்கொண்டார். "நான் ரிடையராக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. நீயும் போயிட்டா அந்த ஏரிக்குப் போக எனக்கு யாரு இருக்கா, சொல்லு?"

அதைப் பாசமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் திரும்பித் திட்டியிருப்பேன். கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "வெங்காயம் நல்லா இருக்கு, அப்பாவக் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

குன்னத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது அப்பா பட்டறையைத் திரும்ப மூடிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டாரா?"

"இல்லப்பா. ஒரு வாத்து பாக்கி இருக்காம். அதையும் பாத்து எழுதணுமாம்."

"அது எப்ப வரும்?"

வராது என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியலப்பா."

"இந்த வருசம் மழ கம்மி, அதான். ஏரி ரொம்புனா எல்லாம் வந்துடும், நீ கவலப்படாத" என்றார்.

மூடிய பட்டறையைத் திரும்பத் திறந்து, அடுத்த தடவை சாருக்குக் கொடுக்க நல்ல வெங்காயமாகப் பொறுக்கித் தனியாக வைக்க ஆரம்பித்தார்.